நோய் அவருக்கு

கருங்கல் ஊரில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறிய அக்காளும் தங்கையும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“நம்ம அம்மைக்க அடக்கத்தில, தன்னை யாரும் கவனிக்கலன்னு கோவிச்சிட்டுப் போன மனுசனாக்கும் எனக்க மாப்பிள்ளை,” என்றாள் தங்கை.

“நாம சொன்னத வச்சு, அது ஆளுமைக் கோளாறா இருக்கும்னு டாக்டர் சொன்னாருல்லா? நோயாளிய நாமதான் பொறுத்துக்கிடணும் மக்கா.”

“நோய் அவருக்கு. தெனமும் நான் எதுக்குக்கா மன்னிப்பு கேக்கணும்? சிகிச்சைக்கு வரட்டும், கூடவே இருக்கேன். எனக்குத்தான் பைத்தியம்னு அவரு சொன்னா, இருக்க மாட்டேன்.”

தங்கையின் செல்போன் அடித்தது. கணவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது: “மன்னிப்பு கேட்டாத்தான் வீட்டுக்குள்ள விடுவேன்!”

“நான் வரல்ல. டாக்டர்கிட்ட போவும்போ சொல்லுங்க, வாறேன்,” என்று வைத்துவிட்டாள்.

அக்காள் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

“இவளுக்கும் எனக்க ஊருக்கே டிக்கெட் குடுங்க.”