மணிக்கட்டில் ஒரு சரி

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் கண்ணாடிக் குவளையைக் கழுவினால் வெள்ளை படியும், ஐயா. கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை அலச வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக நான் அதைத் தவறவிட்டதில்லை.

அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு இரசாயனத் தூள் செய்கிறோம். தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் ஐதரசன் வாயு குமிழ் குமிழாக வரும். தூளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருந்தால்தான் நிறைய வரும். அதற்காக நுண்மணலைக் கலந்து சுட்டு, பிறகு மணலை அமிலத்தில் கரைத்துவிடுவோம். மணல் இருந்த இடம் துளையாகும். எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று கண்டுபிடித்தவன் நான். இரண்டு வருடம் பிடித்தது. ஆய்வு மாணவி தர்சிகா அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து விருந்தினர் வந்தபோது, ஊறும் நேரத்தைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னாள். ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார்.

“உவர் எங்கடை போத்தில் கழுவுற அண்ணை” என்றாள் தர்சிகா.

எனக்குக் கோபம் வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது. வெறுப்பு வேலையைக் கெடுக்காது.

அந்த அமிலம் பொல்லாதது. பட்டவுடன் நோகாது. மெல்ல உள்ளே இறங்கி எலும்பைத் தின்னும். தட்டுப்பாட்டுக் காலத்திலிருந்து தடித்த கையுறைகளைக் கழுவித் திரும்பவும் பாவிக்கிறோம். அதனால் காலையில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பிக் கொடியில் தொங்கவிடுவேன். சொட்டினால் வெட்டி எறிவேன். சொட்டாவிட்டால் மணிக்கட்டில் நீலப் பேனையால் சரி போடுவேன். அந்தச் சரி இல்லாத உறைக்குள் யாரும் கை விடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு வலக்கை உறை சொட்டியது. மூன்று விரல்களில். துடைத்து, சரி போட்டு, அவளுடைய மேசையில் வைத்தேன்.

பின்னேரம் பருத்தித்துறை பஸ்ஸிலிருந்து அழைத்தாள்.

“அண்ணை, விரலெல்லாம் விண்விண் எண்டு வலிக்குது. கையுறையைத் தண்ணி விட்டுப் பாத்தனீங்கள்தானே?”

“ஓம் பிள்ளை, பாத்தனான்.”

“அப்ப அமிலமா இருக்காது, என்ன?”

“நீர் படிச்ச பிள்ளை. உமக்குத் தெரியாததே?”

அந்த அமிலம் பட்டால் உடனே தடவ வேண்டிய களிம்பு எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் நல்லெண்ணெய் தடவிப் படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

துளை இருப்பது தெரிந்தே கொடுத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம். பார்த்தேன் என்றுதான் சொன்னேன், பார்த்தேன். பொய் சொல்வது அவளுடைய பழக்கம்.