வாகரைக்கும் அனுப்பப்படும்

இணையத்தளத்தில் ஒரு கூடையை வைப்பது பெரிய வேலையில்லை, ஐயா. நன்றாகப் படித்தவன் ஒரு வாரத்தில் செய்துவிடுவான். எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. செங்கலடியில் அப்போது கரண்ட் ஒழுங்காக இருக்கவில்லை.

நீங்கள் பணத்தைப் பற்றி மட்டும் கேட்டீர்கள். பொலிஸ் முறைப்பாட்டில் அதுதான் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தினால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

வந்தாறுமூலையில் கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சுனாமிக்குப் பிறகு பாலசுந்தரம் அண்ணனின் கொமியூனிகேசன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து நாள் முழுக்க அழைப்பு வரும். முகாமில் இருக்கிற அக்காவுக்குப் பால்மா கொடுக்க முடியுமா, தம்பியின் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். கடைக்கு ஏற்கெனவே ஒரு தளம் இருந்தது. கடையின் படமும் தொலைபேசி இலக்கமும் தவிர அதில் ஒன்றுமில்லை. நான்தான் அதில் கூடை வைத்தேன். அரிசி, பால்மா, சேலை, பாய், சைக்கிள் எல்லாவற்றுக்கும் படம் போட்டு, பக்கத்தில் ‘கூடையில் போடு’ என்று ஒரு பொத்தான். எந்த ஊருக்கு என்று தெரிவு செய்ய வேண்டும். கூடவே ஒரு செய்தியும் எழுதலாம். காசு அண்ணனின் மைத்துனருடைய லண்டன் கணக்குக்குப் போகும். சாமானை நான் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கியவரைப் படமெடுத்து, ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று தளத்தில் போடுவேன். நல்ல வேலைதான் செய்தேன். அந்த நாட்களில் என்னைக் கும்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

விஜிதரனை அப்படித்தான் தெரியும். சுவிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. பெற்றோரையும் சகோதரங்களையும் கடல் கொண்டுபோய்விட்டது. வாகரையில் அவருக்கென்று மிஞ்சியது மனைவி றஞ்சிதாவும் மகள் உசாந்தியும்தான். மாதம் தவறாமல் கூடையை நிரப்புவார். வாகரையில் அவர்களுக்குத் தொலைபேசி வசதி இல்லை. அவர் எழுதும் செய்தியை அச்செடுத்துக் கொண்டுபோவேன். றஞ்சிதா அக்கா அதைக் கிணற்றடியில் நின்று வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். நான் கடைக்கு வந்து அதைத் தட்டி அனுப்புவேன்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் சண்டை மூண்டு, ஆமி வாகரைப் பாதையை மூடியது. அரிசி மூட்டைகூட உள்ளே போகவில்லை. மற்ற வாடிக்கையாளர்களுக்கு நான் உள்ளதைச் சொன்னேன். தளத்தில் ஊர்ப் பெயர்களிலிருந்து வாகரையை எடுத்துவிட வேண்டும், ஒரு வரிதான். எடுக்கவில்லை. விஜிதரன் அந்த மாதம் வழமையைவிட இரண்டு மடங்கு போட்டிருந்தார். சாமான் போய்ச் சேராவிட்டால் வழக்கை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அவரைக் காப்பாற்றத்தான் பழைய படம் ஒன்றைப் போட்டு, ஒப்படைத்துவிட்டதாக எழுதினேன். பாதை திறந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருந்தேன். பால்மா பழுதாகிவிடும் என்பதால் அதை மட்டும் வேறு ஆட்களுக்கு விற்றேன். பிறகு மற்றதையும் விற்றேன். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது.

ஐப்பசியில் ஒரு பகல் றஞ்சிதா அக்கா கடைக்குள் வந்தார். அந்தக் கிழமை நோயாளிகளை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் புஸ்பத்தின் தாயை வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஓட்டமாவடியில் பஸ் ஏறி வந்திருந்தார். உசாந்தியைப் புஸ்பத்திடம் விட்டிருந்தார். நன்றாக மெலிந்துபோயிருந்தார். ஏன் சாமான் வரவில்லை என்று என்னிடம் கேட்கவேயில்லை. பாதை மூடியிருக்கும்போது நான் எப்படி வருவேன் என்று அவருக்குத் தெரியும்.

“அவருக்கு ஒரு கோல் எடுத்துத் தாங்க தம்பி. நம்பர் எழுதின துண்டு ஷெல்லுக்குப் பயந்து ஓடக்குள்ள துலைஞ்சு போயிட்டு.”

வேலை நேரத்தில் அவர் எடுக்கமாட்டார், ஈமெயில் போட்டுக் கேட்கலாம் என்றேன். கதிரையை இழுத்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். திரை என் பக்கம் இருந்தது.

“ஷெல் விழாத நாளில்ல. இப்ப நான் திரும்பிப் போகத்தான் வேணும், பிள்ள அங்க இரிக்கு. மறுகா அடுத்த தரம் நோயாளியள விடக்குள்ள பிள்ளையக் கூட்டிக்கொண்டு வந்திரட்டா எண்டு கேளுங்க. இஞ்ச ஒரு அறை எடுக்கலாமா எண்டும் கேளுங்க.”

அவர் சொன்னதையெல்லாம் தட்டினேன். அனுப்பவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, திரையைப் பார்த்து வாசிப்பதுபோலச் சொன்னேன்.

“வெளிய வந்தா முகாமில போட்டிருவாங்களாம். வீட்டோடயே இருக்கட்டாம். அவர் கெதியா வாறாராம்.”

“அவரா அப்பிடி எழுதியிரிக்கார்?”

“ஓம் அக்கா.”

கோப்பையை மேசையில் வைத்தார். அவர் சொன்னால் சரிதான் என்று எழும்பினார். போகும்போது இரண்டு பெட்டிப் பால்மா கொடுத்தேன். வாசலில் நிற்கவைத்துப் படமெடுத்தேன். பெயர்ப்பலகை தெரியாதபடி வெட்டி, அந்த மாதத்துக்கு அதைப் போட்டேன். மெலிந்துவிட்டாளே என்று விஜிதரன் எழுதினார். வெயில் என்று பதில் போட்டேன்.

தை மாதம் வாகரைச் சனம் காட்டு வழியாலும் தோணியிலும் வெளியே வந்தது. செங்கலடிக்குப் பக்கத்து முகாமொன்றில் புஸ்பத்தைக் கண்டேன். கார்த்திகையில் விறகு பொறுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து றஞ்சிதா அக்கா செத்துப்போனார் என்றார். உசாந்தி புஸ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தகரக் கோப்பையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தகப்பனுக்கு எப்படியாவது அறிவித்துவிடுங்கள் என்று புஸ்பம் கெஞ்சினார். அறிவிக்கிறேன் என்றேன்.

அறிவிக்கவில்லை. மாசியிலும் பங்குனியிலும் கூடை வந்தது. புதுவருசத்துக்கு ஒரு சேலையும் பிள்ளைக்குச் சட்டையும் போட்டிருந்தார். றஞ்சிதா அக்கா எழுதுவதுபோல நான் பதில் எழுதினேன். உண்மை தெரிந்தால் அந்த மனிதன் உயிரோடு இருக்கமாட்டான் என்று நினைத்தேன். பிள்ளைக்காவது பால்மாவைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முகாம் பக்கத்தில்தான் இருந்தது. கொடுத்தால் தகப்பன் என்ன சொன்னார் என்று புஸ்பம் கேட்பார். அந்தப் பாதையால் போவதையே விட்டுவிட்டேன்.

ஆடியில் கிழக்கில் சண்டை முடிந்துவிட்டதென்று கொடியேற்றினார்கள். விஜிதரன் வழக்கை விட்டுவிட்டு வந்தார். கட்டுநாயக்காவில் அவரை யாரும் பிடிக்கவில்லை. நேரே வாகரைக்குப் போயிருக்கிறார். ஊருக்குத் திரும்பியிருந்த புஸ்பம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மறுநாள் விஜிதரன் உசாந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

அடிப்பார் என்று நின்றேன். அவர் தளத்தைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்து, மெலிந்த படத்தில் நிறுத்தினார். பிள்ளை திரையைத் தொட்டாள்.

“இது எங்க வெச்சு எடுத்தது?” என்று விஜிதரன் கேட்டார்.

“இஞ்ச, வாசல்ல.”

“இஞ்ச வந்தவவா?” அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “மறுகா ஏன் திரும்பிப் போனவ?”

பிள்ளை இருக்கிறதென்று போனார் என்றேன். அவர் நம்பினார். அதனால்தான் உங்களிடம் பணத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவர் கேட்ட கேள்விக்கு மிச்சப் பதிலை உங்களிடம் சொல்கிறேன். பிள்ளையோடு அடுத்த தரம் வந்துவிட்டால் றஞ்சிதா அக்கா செங்கலடியில் அறை எடுத்திருப்பார். யாரிடமாவது நம்பரைத் தேடியெடுத்து, ஏதாவது ஒரு கடையில் இருந்து சுவிஸுக்குக் கதைத்திருப்பார். ஒரு நிமிடம் கதைத்தால் போதும், நான் எழுதியதெல்லாம் பொய்யென்று தெரிந்துவிடும். காற்று வடக்கிலிருந்து வீசும் நாட்களில் ஷெல் சத்தம் எங்கள் கடைக்கே கேட்கும். அன்றும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டோடு இருக்கட்டாம் என்று சொன்னேன். அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தபோது, இனி வராமலே போனால் நல்லது என்று நினைத்தேன்.

புஸ்பம் செய்தி சொன்ன அன்று, பல மாதங்களுக்குப் பிறகு, நன்றாக நித்திரை கொண்டேன்.