முக்கால் மணி அண்ணனுக்கு எதிர்க்கரையின் மடல்

எல்லையாய் ஓடும் ஆற்றின் இரு கரைகளையும் ஒரே மேசையில் அமர்த்திய அன்பரே! அழைத்தால் வராத மக்களை வாசல் வாசலாய்ச் சென்று அழைத்து வந்த அயராத கால்களுக்கு உரியவரே! எல்லை கடந்த எங்கள் மக்கள் மேம்பாட்டுக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளராய் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்து இன்று ஓய்வு பெறும் எங்கள் முக்கால் மணி அண்ணா! எதிர்க்கரையாரின் வணக்கம்.

இம்மடலை முறைப்படி உங்கள் அலுவலகத்தார்தாம் எழுதியிருக்க வேண்டும். ஆனால் விதி வகுத்தவர் நீங்களாயிற்றே! உங்கள் கரையில் நடக்கும் கூட்டத்தின் குறிப்பை நாங்கள் எழுத வேண்டும், எங்கள் கரைக் கூட்டத்தின் குறிப்பை நீங்கள் எழுத வேண்டும், எழுதியதில் ஒரு வரியையும் எவரும் அடிக்கக் கூடாது என்றீர்கள். ஏன் என்று கேட்டோம். "நம்ம கூட்டத்தைப் பத்தி நாமளே எழுதினா, எல்லாக் கூட்டமும் சிறப்பாத்தானே நடக்கும்?" என்று சிரித்தீர்கள். அதனால்தான் உங்களைப் பற்றிய இம்மடலும் எங்கள் பொறுப்பாயிற்று.

அந்த விதியில் முதலில் மாட்டிக்கொண்டவரும் நீங்களே. விதி வந்தபின் உங்கள் கரையில் நடந்த முதல் கூட்டத்துக்குக் குறிப்பெழுதிய என் கைதான் இன்று இதையும் எழுதுகிறது. அன்று எழுதியது இது: "வந்தவர்கள் அறுபது பேர். ஒருங்கிணைப்பாளர் 'ரெண்டே நிமிஷம்' என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். மக்கள் பேசியது நான்கு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் மின்விசிறி ஓடாததைப் பற்றி." இதைப் படித்துவிட்டு எங்கள் செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதையெல்லாமா எழுதுவே? நாளைக்கு அந்த மனுஷன் முகத்துல எப்படிம்மா முழிக்கிறது? இத்தனை வருஷ உறவே முறிஞ்சு போயிடும்" என்றார். ஆனாலும் நான் அடிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அதை நீங்களே எழுந்து வாசித்தீர்கள். முக்கால் மணி என்ற இடத்தில் உங்கள் குரல் கொஞ்சம் தடுக்கியது. அரங்கம் சிரித்தது; கடைசியாக நீங்களும் சிரித்தீர்கள். பட்டப்பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. வேறொருவராயிருந்தால் குறிப்பேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எங்கள் முகத்திலேயே விழித்திருக்க மாட்டார். நீங்களோ மேடையிலிருந்த உங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசி வரிசையில் போட்டுக்கொண்டீர்கள்.

பணிவின் பெட்டகமே! அதன்பின் வெல்டிங் பட்டறையின் புகையிலும், தையல் கூடத்தின் இரைச்சலிலும், மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் வெக்கையிலும் போய் நின்று, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தீர்கள். உங்களைப் பார்த்துத்தான் நாங்களும் எங்கள் கரையில் கேட்கக் கற்றோம். நீளப் பேசும் பழக்கம் முழுதாய்ப் போய்விட்டதா என்று அண்ணியிடம் விசாரித்தோம். "மீட்டிங்ல பேசாததையெல்லாம் சேர்த்து வெச்சு வீட்டுல பேசறாரு" என்றார். விதிப்படி அதையும் இங்கே பதிகிறோம்.

படகுத்துறைக்கு ஆபத்து வந்த நாளை மறப்போமா? போவோர் வருவோர் இல்லை என்று சொல்லி, இரு கரை அரசுகளும் துறையை மூடிவிடக் கோப்பு எழுதின. நடுவில் இருந்தது ஒரே ஒரு பொது விசாரணை. அங்கே மக்கள் வாய் திறந்தால் துறை பிழைக்கும். திறக்காவிட்டால் அன்றோடு சரி. இரு கரையிலிருந்தும் இருநூறு பேர் வந்திருந்தார்கள். "யாராவது பேசறீங்களா?" என்று அதிகாரி கேட்டார். ஒருவரும் அசையவில்லை. எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின.

பயணிகளின் கணக்கும் படகுப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எழுந்திருந்தால் முக்கால் மணியில் அதிகாரிகளைத் திணறடித்திருப்பீர்கள். ஆனால் அமைப்புதான் பேசியது, மக்கள் பேசவில்லை என்றுதான் கோப்பில் ஏறியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன்: உங்கள் விரல்கள் உதட்டை அழுத்திப் பிடித்திருந்தன. கடிகாரத்தில் ஒரு நிமிடம் நாற்பது நொடி ஓடியது. அதிகாரி பேனாவை மூடினார்.

அப்போதுதான் சலவைக்கூடத்து அம்மா எழுந்தார், மூன்று முறை நீங்கள் போய் அழைத்தும் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியவர். "ஐயா, எம்பொண்ணை அந்தக் கரையிலதான் கட்டிக்குடுத்திருக்கேன். படகை நிறுத்திட்டா, பேத்தியைப் பாக்கச் சுத்திக்கிட்டுப் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும். எனக்கு லீவே ஒரு நாள்தான்யா."

அதிகாரி பேனாவைத் திறந்தார். அந்த அம்மாவுக்குப் பின் முப்பத்தேழு பேர் பேசினார்கள். இன்று இந்த விழாவுக்கு நாங்கள் அந்தப் படகில்தான் வந்து இறங்கினோம்.

அன்றைய குறிப்பின் கடைசி வரி இது: "ஒருங்கிணைப்பாளர் பேசவில்லை." இத்தனை ஆண்டுகளில் உங்களைப் பற்றி நாங்கள் எழுதியதில் இதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை, அண்ணா. எழுதும்போது என் கண் கலங்கியது என்பதை அன்று பதியவில்லை, இன்று பதிகிறேன்.

மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்காத நெஞ்சும், படகில் தாவி ஏறும் கால்களும், அண்ணியின் குறையாத பொறுமையும் வாய்த்து, நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமாய் வாழ வேண்டும்! எங்கள் கரைக்கு அடிக்கடி வாருங்கள். உங்களுக்கென்று கடைசி வரிசையில் ஒரு நாற்காலி எப்போதும் இருக்கும்.

இனி உங்கள் ஏற்புரை. குறிப்பேட்டை மூடிவிட்டோம், கைக்கடிகாரங்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டோம். பேசுங்கள் அண்ணா, முக்கால் மணியும் உங்களுடையது.

இங்ஙனம்,
ஒரு வரியையும் அடிக்காத
எதிர்க்கரைத் தோழர்கள்