நறுக்கிய கம்பி

எனக்குத் தொண்டை வலி வந்ததே இல்லை. பனிக்காலத்திலும் பச்சைத் தண்ணீர்தான் குடிப்பேன். ஆனால் ரஷ்யப் போர்முனையில் என் சிப்பாய்கள், "நம்ம கேப்டனுக்குத் தொண்டை வலிப்பா. அது குணமாகறதுக்குள்ள நம்ம கதை முடிஞ்சிரும்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். வீரச் சிலுவை கழுத்தில் தொங்கும் பதக்கம். அதற்கு அலைகிற அதிகாரியை எங்கள் ஜெர்மன் ராணுவத்தில் அப்படித்தான் கிண்டல் செய்வார்கள். சிரித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. ஆகவே அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபமெல்லாம் ஹெட்விக் ரீக்கர் மேல்தான். போன சனிக்கிழமை பழைய படைவீரர்கள் கூடிய விருந்தில், மேயர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, செத்துப்போன தன் கணவனின் இரும்புச் சிலுவைப் பதக்கத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டில் போட்டாள்.

"உங்க கம்பெனி சமையக்கார அலோயிஸ் ரஷ்யாக்காரன் ஜெயில்லேருந்து வந்து சொல்லிட்டாரு. என் வீட்டுக்காரருக்குக் குண்டு முதுகுல பாஞ்சிருந்துச்சாம். பயந்து ஓடினாரா? என் மகன ஊரே ஓடுகாலி பெத்த புள்ளைங்குது. ஓடினவருக்கு எதுக்கு இந்தப் பதக்கம்? நீங்களே வச்சுக்கங்க."

அந்தப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்தவன் நான். சாசேஜுக்கும் கடுகு விழுதுக்கும் நடுவே அதை வீசுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதும் எரிகிறது. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே நான் வந்துவிட்டேன்.

உங்களுக்கு வயது போதாது, அரசு வக்கீலே, அதனால் சொல்கிறேன். மேலிடம் சொன்னதைச் செய்தவனுக்கு வீரச் சிலுவை கிடைக்காது. தானே முடிவெடுத்து வென்றவனுக்குத்தான் கிடைக்கும். நாங்கள் காத்துநின்ற பாலத்தை விட்டுப் பின்வாங்கச் சொல்லிப் பக்கத்துக் கம்பெனிப் படைக்கு உத்தரவு வந்துவிட்டது. அடுத்து என் தொலைபேசி மணி அடிக்கும். அடித்தால் கீழ்ப்படிய வேண்டும். நான் ஒழுங்கான அதிகாரி. ஆகவே மாவு மில்லுக்குப் பின்னால் போய்த் தொலைபேசிக் கம்பியை நறுக்கினேன்.

ஹெட்விக்கின் கணவன் ஒட்மார் ரீக்கர்தான் எங்கள் தொலைபேசிக்காரன். லைன் செத்தால் குண்டுமழையிலும் கம்பியோடு போய் அறுந்த இடத்தைத் தேடுவது அவன் வேலை. நான் சொல்லும்வரை அவன் காத்திருக்கவில்லை. போகட்டும், ரஷ்யர்களின் குண்டு பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன். அவனோ சேறு அப்பிய முகத்தோடு, ஒரு முழக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"கேப்டன் ஐயா, இது குண்டு பட்டு அறுந்ததில்ல. குண்டு பட்டா பிஞ்சு நார்நாராத் தொங்கும். இது கட்டிங் பிளேயர்ல நறுக்கினது. நம்மள்ல எவனோ துரோகி இருக்கான். நீங்க கவலப்படாதீங்க, இந்தா ஓடிப் போய் ஒட்டிட்டு வந்துடறேன்."

அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமூட்டியது. இவ்வளவு மக்காக இருப்பவன் என் திட்டத்தைக் கெடுப்பதா?

"ஓடாதே, நடந்து போ" என்றேன்.

மறுநாள் மதியம்வரை பாலத்தை விடவில்லை. என் கம்பெனியில் மிஞ்சியவர்களை ஒரு வண்டியில் ஏற்ற முடிந்தது. எனக்குச் சிலுவை வந்தது. நடுவிலிருந்த ஹிட்லர் கட்சிச் சின்னத்தை எடுத்துவிட்டு அணியலாம் என்று இப்போது சட்டமே வந்துவிட்டது. அணிந்திருக்கிறேன், பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். ரீக்கர் ஓடவில்லை. நான் சொன்னபடி நடந்துதான் போனான். பின்னால் நின்று சுட்ட எனக்குத் தெரியாதா? கோழைக்குப் பதக்கம் வாங்கிக் கொடுக்கிற ஆள் நானில்லை.