டேட்டா சென்டருக்கு ஓய்வு

ரத்னவேல் அண்ணன் கடையில் ஆயுத பூசைக்குச் செய்யும் சுண்டலில் மாங்காய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், சார். எனக்குப் பிடிக்கும். அன்றைக்கும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

நான் சின்னக் கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பவன். லிட்டில் இந்தியாவில் பாதிக் கடைகளின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் என் தலை போய் வந்திருக்கிறது. எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று படம் வரைந்து கொடுப்பேன். அதன்மேல் டீ கிளாஸை வைப்பார்கள். எனக்கு ‘வைஃபை தம்பி’ என்று பெயர். நாற்பத்தெட்டு வயதில் தம்பி. பழகிவிட்டது.

அண்ணன் நடத்துவது கேட்டரிங். ஆள் மூன்று பேர். விசிட்டிங் கார்டில் ‘ஃபவுண்டர் அண்ட் சிஇஓ’. மாடிப்படிக்கு அடியில், மாப்பு வாளிக்குப் பக்கத்தில், நெட்வொர்க் பெட்டிகளை அடுக்கி நான் வைத்த ரேக்கை டேட்டா சென்டர் என்பார். வருகிறவர்களைக் குனியவைத்துக் காட்டுவார்.

கறி வைக்கும் ஃப்ரீசர் அறைக்கும் ஸ்மார்ட் பூட்டு கேட்டார். வெளியே அட்டை காட்டினால் திறக்கும். உள்ளே இருப்பவருக்கு ஒரு பொத்தான். பொத்தானிலிருந்து பூட்டுக்கு நேரடியாக வயர் கொடுத்துவிடலாம் என்றேன்.

“வயர் தொங்குனா பழைய காலத்து ஆபீஸ் மாதிரி இருக்கும் தம்பி. எல்லாம் டேட்டா சென்டர் வழியாப் போகட்டும்.”

போகவிட்டேன். பூட்டுக்குத் தனி மின்சாரம். ரேக்கை அணைத்தால் பூட்டு பூட்டியபடியே இருக்கும். அட்டை, பொத்தான் இரண்டும் செத்துப்போகும்.

போன வருடப் பூசையில் அண்ணன் ரேக்கை அணைத்தார். மற்ற கடைகளில் பொட்டு வைப்பதோடு சரி. அணைக்காதீர்கள் என்றேன். வந்திருந்தவர்கள் முன்னால் என் தோளைத் தட்டினார்.

“வருஷம் பூரா உழைக்குது, ஒரு நாள் ரெஸ்ட் குடுங்க. மெஷினுக்கும் உசிரு இருக்கு தம்பி. இதெல்லாம் படிச்சு வராது.”

கை தட்டினார்கள், சார். அதன்பிறகு நான் யாருக்கும் எதையும் இரண்டாவது முறை சொல்வதில்லை.

இந்த வருடம் கரண்டி, கத்தி, வேலையாட்களின் கைபேசிகள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்தன. பூசை நாளில் கறி கண்ணில் படக்கூடாது என்று, வந்திறங்கிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஃப்ரீசருக்குள் போனான் முத்துராமன். ஊரிலிருந்து வந்த சமையல் உதவியாள். கதவு மூடிப் பூட்டிக்கொண்டது. அண்ணன் கற்பூரத் தட்டோடு படிக்கட்டுக்கு அடியில் குனிந்தார். பச்சை விளக்குகள் அணைந்தன. எல்லோரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

இனி மறுநாள் காலையில் தேங்காய் உடைத்துத்தான் ரேக்கை எழுப்புவார்கள். ஃப்ரீசர் கதவு நல்ல கனம். உள்ளே தட்டினால் வெளியே கேட்காது. பூட்டு மாட்ட அதில் துளை போட்டவன் நான்தான்.

கடையைச் சாத்தும்போது அண்ணனின் மனைவி சுசீலா அக்கா பொட்டலத்தோடு நின்றார்.

“முத்து எங்கே லா? சாப்பாடு கட்டி வச்சிருக்கேன்.”

“அவன் அப்பவே கிளம்பிட்டான்க்கா. உட்லண்ட்ஸ்ல கூட்டாளியப் பாக்கணும்னான்” என்றேன்.

“போனை விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க.”

“அதுக்கும் ரெஸ்ட்தானேக்கா.”

சிரித்தார். நல்ல மனுஷி. பொட்டலத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

முத்துராமன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, சார். மரியாதையான பையன். அண்ணனுக்கு ஒரே ஒரு தடவை உறைக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவர் பதறிப்போய் என்னைக் கூப்பிடுவார், நான் போய் ரேக்கின் சுவிட்சைத் தட்டிவிடுவேன், எல்லோரும் பார்ப்பார்கள். மார்சிலிங்கில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும்வரை ரயிலில் கைபேசியை மடியிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போனபோதும் சத்தத்தைக் கூட்டி வாசலில் வைத்தேன். அப்புறம் அசதி, தூங்கிவிட்டேன்.

கூப்பிட்டிருந்தால் டாக்சி பிடித்தாவது போயிருப்பேன். கடைசிவரை அவர் கூப்பிடவே இல்லை, சார்.