பேர் போட்ட கழுத்துப்பட்டை

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தோல் கம்பெனிக்காரர் ஒருவரும் அவர் தெரு நர்ஸம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நம்ம தெரு நாய்ங்களை இனிமே முனிசிபாலிடி நாய் பிடிக்கிற வண்டி தொடாது சிஸ்டர்.”

“ஏண்ணே?”

“கழுத்துல பட்டை இருந்தா வீட்டு நாய்னு உட்டுடுவான். கம்பெனில கழிச்ச தோல் துண்டுல எல்லாத்துக்கும் பட்டை தெச்சு மாட்டிட்டேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு வீட்டுக்காரங்க பேரையும் குத்திட்டேன்.”

“பேரு எதுக்கு?”

“உசுரு தப்பிச்சா போதுமா, சோறு யாரு போடறது? எட்மாஸ்டர் பேரு போட்ட நாய் குப்பையைக் கிளறுச்சு. மானம் போவுதுன்னு இப்ப அவரே ரெண்டு வேளையும் சோறு வெக்கிறாரு.”

நர்ஸம்மா திரும்பி அவரைப் பார்த்தார்.

“அப்ப எங்க வாசல்ல கெடக்கிற கறுப்பு நாய் கழுத்துல என் பேரு இருக்கிறது உங்க வேலைதானா?”

அவர் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார். “வேணாம்னா கழட்டிடறேன் சிஸ்டர்.”

“கழட்டாதீங்க. அது நாலு குட்டி போட்டிருக்கு. சின்னதா நாலு பட்டை தைங்க.”

“யார் பேரு போடறது?”

நர்ஸம்மா குரலைத் தாழ்த்தினார். நானும் சற்று முன்னால் சாய்ந்தேன்.

“எதிர்வீட்டுக்கு வக்கீல் ஒருத்தர் புதுசா குடிவந்திருக்காரு. மொத ரெண்டும் அவருக்கு.”