கிணற்றைத் தூர்த்தவன்

மணல் சலிக்க மைதா சல்லடை ஆகாது. ரவை சல்லடைதான் சரி. மைதா சல்லடையில் போட்டால் தூசிதான் இறங்கும், பிள்ளைகள் கையை வைத்ததும் தும்மும். ரவை சல்லடையில் சலித்து, மூன்று தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் இரண்டு வெயில் காயப் போட்டால், அள்ளும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், கோழிக்குஞ்சு தூக்கத்தில் முனகுகிற மாதிரி. அந்தச் சத்தம் வராத மணலை நான் தட்டில் கொட்டியதே இல்லை. என் வேலையில் குறை என்று யாரும் சொன்னதில்லை, மேடம். நீங்கள்தான் முதல் ஆள்.

பெயர் செல்லப்பன். வயது எழுபத்திரண்டு, ஆதாரில் எழுபது. முப்பத்தைந்து வருடம் செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் வெள்ளரிக்காய் விற்றேன். காயோடு கதையும் கொடுப்பேன். ராஜகிரி உச்சியில் நான் போட்ட தும்மல் எதிர்மலையில் மோதித் திரும்பி வர மூன்று நாளாயிற்று, அதற்குள் எனக்குச் சளியே விட்டுவிட்டது என்பேன். சிரிக்காமல்தான் சொல்வேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சுற்றுலா கூட்டி வந்த வாத்தியார்கள், "அந்தாளு சொல்றத எழுதிக்காதீங்க பசங்களா" என்பார்கள். முப்பத்தைந்து வருடத்தில் என் வெள்ளரிக்காயை நம்பியவர்கள் உண்டு. என் கதையை நம்பியவர் ஒருவர்கூட இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

முட்டி தேய்ந்த பிறகு திருவண்ணாமலை ரோட்டில் அந்தக் குழந்தைகள் ஆலோசனை மையத்தில் சேர்ந்தேன். வாடகை வீடு, இரண்டு அறை. பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, மணல் பார்ப்பது என் வேலை. மணிமொழி மிஸ் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மணல் தட்டு என்றால் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். மரத்தட்டு, சின்ன மேசை அகலம், உள்ளே முழுக்க நீலப் பெயிண்ட். மணலை விலக்கினால் நீலம் தெரியும், பிள்ளைக்கு அது குளம், ஏரி, என்ன வேண்டுமானாலும். அலமாரியில் முந்நூறு பொம்மை. வீடு, மாடு, பஸ், போலீஸ், பாம்பு, சாமி. பாதிக்கு மேல் மேல்மலையனூர் திருவிழாக் கடையில் நானே வாங்கி வந்தது. வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை அந்த மணலில் வைத்துக் காட்டும். போன பிறகு மிஸ் அதைப் போட்டோ எடுத்து, பார்த்து, பைலில் எழுதுவார். பிள்ளை கண்ணெதிரே கலைக்கக் கூடாது. படம் எடுக்கும்வரை ஒரு மணலும் அசையக் கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் சட்டம்.

பிள்ளையோடு மிஸ்தான் உட்கார வேண்டும், அதுவும் சட்டம்தான். ஆனால் தாலுகாவுக்கே ஒரு மிஸ். வியாழக்கிழமை பதினோரு பிள்ளைகள் வரும். கூட வந்தவர்களிடமும் பேச வேண்டும். அதனால் மிஸ் பக்கத்து அறையில் பெரியவர்களோடு உட்கார, பிள்ளையோடு என்னை உட்கார வைத்தார்.

"ஐயா, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். புள்ள உங்களப் பாத்தா நீங்க பாத்துட்டு இருக்கணும், அவ்ளோதான். பேசக் கூடாது, தொடக் கூடாது, இது இன்னான்னு கேக்கக் கூடாது."

"எவ்ளோ நேரம் மிஸ்?"

"நாப்பது நிமிசம்."

"நாப்பது நிமிசம் பேசாம இருந்தா எனக்குக் காது அடைச்சிக்குமே."

"அடைக்கட்டும். காதுக்கு இங்க வேல இல்ல, கண்ணுக்குத்தான்."

நான் முதலில் தொட்டது மஞ்சு என்ற பிள்ளையின் தட்டை. ஒரு மாட்டை ரோட்டில் படுக்கப் போட்டுவிட்டுப் போனாள். படுத்த மாடு பார்க்க நன்றாக இல்லை. நிமிர்த்தி வைத்தேன். படம் எடுக்க வந்த மிஸ் முகம் மலர்ந்துபோனது. "ஐயா, மஞ்சு மாட்ட எழுப்பி நிக்க வெச்சிட்டா பாத்தீங்களா? ஆறு வாரமா படுத்தே கெடந்துது." அன்று பைலில் அரைப்பக்கம் எழுதினார். நான் நிமிர்த்திய மாட்டைப் பற்றி எம்.எஸ்.சி. படித்த பெண் அரைப்பக்கம் எழுதுகிறது. வீட்டுக்கு நடந்து போகும்போது முட்டி வலிக்கவில்லை, மேடம். அதற்கு முன்னும் பின்னும் அந்த முட்டி வலிக்காத நாள் இல்லை.

அனு வந்தது மாசி மாதம். ஏழு வயது, ஊர் சிங்கவரம். தை மாதம் அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளை வாய் திறக்கவில்லை. அக்குளுக்குக் கீழே கயிறு இறுகிய தழும்பைப் பார்த்துப் பள்ளிக்கூட டீச்சர் எழுதிப் போட்டார். அதிகாரிகள் வந்து, பிள்ளையைச் செஞ்சியில் இருக்கும் சித்தி வசந்தாவிடம் தற்காலிகமாக விட்டார்கள். அப்பன் தனகோட்டிக்கு இரண்டு ஏக்கர் மணிலாக் கடலை. "கெணத்து மேட்ல கயிறு வெச்சி வெளையாடிச்சி, சுத்திக்கிச்சி" என்றான். அழுத்தி வாரிய தலை, வெள்ளைச் சட்டை, எல்லாரையும் கும்பிடுவான். பிள்ளை யாரிடம் இருப்பது என்று முடிவு செய்ய மேலே உள்ளவர்கள் மிஸ்ஸிடம் அறிக்கை கேட்டார்கள். பேசாத பிள்ளை. ஆக, மணல் சொல்வதுதான் சாட்சி. இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன்.

முதல் வாரம் அவள் அலமாரிப் பக்கமே போகவில்லை. ஒரு விரலால் மணலைச் சுற்றிச் சுற்றி விலக்கினாள். வட்டமாக, ஆழமாக, நீலம் தெரியும்வரை. பிறகு போய் இருப்பதிலேயே சின்னப் பெண் பொம்மையை எடுத்து வந்து அந்த நீலத்தில் நிறுத்தினாள். விளிம்பில் ஓர் ஆம்பளை பொம்மை. பாவாடை ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கி, ஒரு முனையைப் பெண் பொம்மையின் அக்குளில் சுற்றி, மறுமுனையை அவன் கையில் சுற்றினாள். மிச்ச நேரம் முழுக்க என்னையே பார்த்தாள். சட்டப்படி நானும் அவளைப் பார்த்தேன்.

அவள் போன பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. பிள்ளையைக் கிணற்றில் விட்டுவிட்டு ஒரு கதை முடியலாமா? அதனால் தூக்கினேன். நூலை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கிணற்றைத் தூர்த்து, மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினேன். அதன்மேல் ஒரு வீடு, பக்கத்தில் வேப்பமரம், வாசலில் பிள்ளை, வயலிலிருந்து திரும்புகிற மாதிரி அப்பன். கிணற்றில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக் கரையில் விட்டவனை உட்கார வைத்து விசாரிக்கிறீர்கள். பரவாயில்லை.

மிஸ் வந்து வெகுநேரம் பார்த்தார். "வீடு வெச்சிருக்கா, ஐயா" என்றார்.

இரண்டாம் வாரமும் கிணறு, மூன்றாம் வாரமும் கிணறு. பிள்ளைக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நான்தான் வாரத்துக்கு ஒன்றாக யோசிக்க வேண்டியிருந்தது. கோலம் போட்டேன், பசுவைக் கட்டினேன். நான்காம் வாரம் ஒரு நாயை வாசலைப் பார்த்து நிற்க வைத்தேன். அன்றைக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய டாக்டரம்மா வந்திருந்தார். படத்தைப் பார்த்து, "இந்த நாய் காவல் நிக்குது பாருங்க. வீடு பாதுகாப்பான எடம்னு கொழந்த நம்ப ஆரம்பிச்சிருக்கு" என்றார். நான் கதவோரம் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். நான் நினைத்தே இராத அர்த்தமெல்லாம் அந்த நாயில் இருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒன்றை ஒருவர் சிரிக்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே வசந்தா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா, உள்ள இன்னாதான் வெக்கிறா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்ல மாட்றாங்க."

"வீடு வெக்கிறாம்மா. நாய் வெக்கிறா."

"நாயா? அந்த வூட்ல ஏது நாயி?" இன்னும் கிட்டே வந்தாள். "தண்ணி புடிக்கற எடத்துக்குப் போனாலே நடுங்குது பெரியப்பா. தொட்டிய எட்டிப் பாக்க மாட்டேங்குது. அத எழுதுனாங்களா?"

"படிச்சவங்க. எல்லாம் எழுதுவாங்க" என்றேன்.

ஐந்தாம் வாரம் ஒரு தவறு நடந்தது. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாள் என்று பிள்ளை திரும்பி வந்துவிட்டது. என் கையில் அந்தப் பெண் பொம்மை இருந்தது. கிணறு பாதி தூர்ந்திருந்தது. கதவில் நின்று பார்த்தாள். பிறகு பேசினாள். தை மாதத்திலிருந்து யாரிடமும் பேசாதவள், ஒரு சொல்லுக்காக மிஸ்ஸைக் காக்க வைத்தவள், என்னிடம் பேசினாள்.

"தாத்தா, அத எடுக்காத. அது அங்கதான் இருக்குது."

பேசக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் கேட்டேன். "ஏன் கண்ணு?"

"நான் அயுதா நைனா கெணத்துல எறக்கிவுட்ருவாரு. இருட்டனப்புறம்தான் மேல இய்ப்பாரு."

"சரி கண்ணு. மிஸ்கிட்ட சொல்றேன்."

தலையாட்டினாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை, சிரித்தாள்.

மிச்சக் கிணற்றையும் தூர்த்தேன். மிஸ்ஸிடம் சொல்லவில்லை. ஏன் என்று நீங்கள் நான்காம் தடவையாகக் கேட்கிறீர்கள். பிள்ளை பேசினாள் என்றால் என்ன பேசினாள் என்று கேட்பார். சொன்னால் அந்த ஐந்து படமும் யாருடையது என்று கேட்பார். பைல் முழுக்க மிஸ் கையால் எழுதிய பாராட்டு இருக்கிறது. டாக்டரம்மா ஒரு படத்தைச் சென்னையில் நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். அதையெல்லாம் அடிக்க வேண்டியிருக்கும். அதோடு, பிள்ளைகள் கதை கட்டும், மேடம். கதை கட்டுகிறவனுக்கு அது தெரியும். அவள் முகத்தைப் பார்த்தபோது அவள் கட்டவில்லை என்பதும் தெரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரம் கடைசி. முடிக்கிற அன்று பழைய படங்களையெல்லாம் பிள்ளை முன்னால் பரப்பிக் காட்டுவது வழக்கம். மிஸ் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தார். "இதெல்லாம் நீ செஞ்சதுடா தங்கம். எவ்ளோ அழகா இருக்குது பாரு."

அனு ஐந்து படத்தையும் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு படத்திலும் எதையோ தேடினாள். மணல் சமமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. மூடிய கடைக்கு முன் நின்று, இன்றைக்குத் திறக்கமாட்டார்கள் என்று புரிந்துகொண்டவர்கள் பார்ப்பார்களே, அப்படி. எழுந்து அலமாரிக்குப் போனாள். வீட்டை எடுத்தாள். வேப்பமரம், பசு, நாய். படத்தில் இருந்தது மாதிரியே, ஒன்று விடாமல், மிஸ் கண்ணெதிரிலேயே வைத்தாள். மணலைக் கிளறவே இல்லை. மிஸ் அழுதுவிட்டார், சந்தோஷத்தில். அன்றைக்கு நான் எதையும் தொடவில்லை. நாயை மட்டும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். அவள் வைத்ததில் அது சுவரைப் பார்த்து நின்றது.

அறிக்கை போனது. பிள்ளையை அப்பனிடம் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. வசந்தா மையத்து வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அனு அழவில்லை. அழுதால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு நாள் அழாமல் இருந்திருக்கிறாள், ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய கணக்குதான். பன்னிரண்டாம் நாள் எதற்கோ அழுதிருக்கிறாள். மோட்டார் கொட்டகையில் கிடந்த பழைய நைலான் கயிறு, பாரம் தாங்கவில்லை. அந்தக் கிணற்றில் கோடையிலும் பத்தடி தண்ணீர் நிற்கும். மற்றதெல்லாம் உங்கள் பைலிலேயே இருக்கிறது.

என்னை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, மேடம். நானாகத்தான் வந்தேன். மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் படங்களில் தான் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். தனகோட்டியின் வக்கீல், "கொழந்தையே வீடு சந்தோசமா இருக்குதுன்னு வெச்சிக் காட்டியிருக்குது" என்று அதே படங்களைக் கோர்ட்டில் நீட்டுகிறார். பேப்பரிலும் ஒரு படம் வந்துவிட்டது, 'சிறுமி அமைத்த காட்சி' என்று கீழே போட்டு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தவறு தவறுதானே.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை வைத்தது கிணறு. ஐந்து வாரமும் கிணறு. அதைத் தூர்த்தது நான். அவள் வாய் திறந்து சொன்னதைக் கேட்டது நான் ஒருவன்தான். அதையும் தூர்த்தேன். எங்கே வேண்டுமானாலும் கைநாட்டில்லாமல் கையெழுத்தே போடுகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். அந்த நான்காம் வாரத்துப் படம், நாய் வாசலைப் பார்த்து நிற்கிறதே, அதில் ஒரு பிரதி கிடைக்குமா? சும்மா வேண்டாம். பின்பக்கம் நான் செய்தது என்று எழுதி, நீங்களே ஒரு சீல் போட்டுக் கொடுங்கள்.